மியூனிக்கில் இன்டர்ன்ஷிப்: மாணவர் விடுதியா, பகிர்ந்து வாழும் வீடா?

மியூனிக்கில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்ததும் தேட வேண்டியது அறை. மாணவர் விடுதியில் வாடகை மலிவு. ஆனால் உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கே முன்னுரிமை, காத்திருப்போர் பட்டியலும் நீளம்.

பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் செலவு கூடுதல். முன்பணமாகவே 3 மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். இருந்தும் என் ஓட்டு அதற்கே. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், காகிதத்துக்கும் உணவுக் கழிவுக்கும் தனித்தனித் தொட்டி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பும், இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதையெல்லாம் சமையலறையில் பக்கத்தில் நிற்பவரே சொல்லித் தந்துவிடுவார்.

எங்கே தங்கினாலும், குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு தருபவரின் சான்று தேவை. அதைத் தர மறுப்பவரின் அறை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.