சித்தூர் வட்டாரத்து ரெட்ரீவர் பயிற்சிப் பண்ணை: குளத்தில் நிறைவு, கரையில் குறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப் பகுதியில், தென்னந்தோப்புக்குள் இயங்கும் ஒரு நாய்ப் பயிற்சிப் பண்ணையில் எங்கள் லாப்ரடாரை விட்டிருந்தோம். வாத்து வேட்டைப் பருவத்துக்கு முன்பு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரெட்ரீவர்களை, அதாவது சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்வி எடுத்துவரும் லாப்ரடார் போன்ற நாய்களை, பழக்கும் முறையையே இங்கும் கற்பிக்கிறார்கள். இந்தியாவில் காட்டு வாத்துகளை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், பறவையின் இடத்தில் இருப்பது கான்வாஸ் சுற்றிய மிதக்கும் டம்மி மட்டுமே. வலசைப் பறவைகள் வந்து தங்கும் ஏரிகளின் பக்கமே போகாமல், தோப்புக் குளத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார்கள்.

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவசரமின்மை. டம்மியை எறிந்தவுடன் நாயை ஓட விடுவதில்லை. அது விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, பெயர் சொல்லி அனுப்பும்வரை நாய் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கவ்வுவது தனிப் பாடம். பல் அழுந்தாமல் பிடித்து, கரையேறியதும் உடலை உதறுவதற்கு முன்பே கையில் கொடுக்க வேண்டும். உதறும்போதுதான் பல நாய்கள் வாயிலிருப்பதைக் கீழே போட்டுவிடும் என்பதால், பயிற்சியாளர் முதலில் முழங்கால் தண்ணீரில் நின்றே டம்மியை வாங்கிக்கொள்கிறார். பழகப் பழக ஒவ்வோர் அடியாகக் கரைப்பக்கம் பின்வாங்குகிறார். பயந்த குட்டியைத் தண்ணீரில் தூக்கிப் போடும் வழக்கம் இங்கே அறவே இல்லை.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்கும் பாடத்தைச் சோறு வைக்கும் நேரத்தில் தொலைவில் தட்டைத் தட்டுவதிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லப் பட்டாசுவரை கொண்டுவருகிறார்கள். வேட்டைக்கு உதவாவிட்டாலும், நென்மாறை வல்லங்கி வேலா என்னும் கோயில் திருவிழாவின் வாணவெடிச் சத்தத்தைக் கேட்டுக் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்களுக்கு இது ஒன்றே போதும்.

தீனியும் அளந்துதான் வைக்கிறார்கள். பயிற்சியின்போது கொடுக்கும் துணுக்குகளையும் அன்றைய பங்கிலிருந்தே கழித்துவிடுகிறார்கள். லாப்ரடார்களின் அடங்காப் பசிக்குப் பிஓஎம்சி என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமும் ஒரு காரணம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் காட்டியதை நினைத்தால், இந்தக் கண்டிப்பு நியாயமே. எலிக்காய்ச்சல், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் எந்த நாயையும் சேர்ப்பதில்லை. பாலக்காட்டு வெயிலை அறிந்தவர்கள் என்பதால் காலை வெயில் ஏறுமுன்பே குளத்தை விட்டு ஏற்றிவிடுகிறார்கள்.

இத்தனை கவனமும் கரையேறியதும் தளர்ந்துவிடுகிறது. தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கினால் புண் பிடிக்கும் என்பது ரெட்ரீவர் வளர்ப்பவர் எல்லாருக்கும் தெரிந்ததே. இங்கோ முதுகைத் துண்டால் துடைப்பதோடு சரி. எங்கள் நாய் தலையை ஓயாமல் உதறிக்கொண்டும், காதில் நாற்றத்தோடும்தான் வீடு திரும்பியது. மருத்துவரிடம் காட்டிய பிறகு பண்ணையில் கேட்டபோது, "தண்ணியில விட்டா அப்படித்தான் சார்" என்று முடித்துக்கொண்டார்கள். வாங்கிய கட்டணத்துக்கு இந்தப் பதில் அடுக்காது. அங்கே சேர்ப்பதானால், ஒவ்வொரு நீச்சலுக்குப் பிறகும் காதை உலர்த்த வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.