கிறிஸ்தவ காலேஜ்ல நர்சிங் டிகிரி: வேலூர் சி.எம்.சி.யா, டயோசிஸ் காலேஜா, இல்ல ஜி.என்.எம். முடிச்சு போஸ்ட் பேசிக்கா?

கிறிஸ்தவ நிறுவனத்துல படிச்சு நர்சிங் டிகிரி வாங்கணும்னு நினைக்கிற பிள்ளைங்களுக்கு தமிழ்நாட்டுல மெயினா மூணு வழி இருக்கு. வேலூர் கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்ல (சி.எம்.சி.) நேரா பி.எஸ்சி. சேர்றது ஒண்ணு. சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) டயோசிஸோ, அதாவது திருமண்டலமோ, கத்தோலிக்க சபையோ நடத்துற காலேஜ்ல பி.எஸ்சி. சேர்றது இன்னொண்ணு. மூணாவது, மிஷன் ஆஸ்பத்திரியோட நர்சிங் ஸ்கூல்ல ஜி.என்.எம்.ங்கிற டிப்ளமோ முடிச்சுட்டு, அப்புறமா டிப்ளமோ முடிச்ச நர்சுங்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. டிகிரி பண்றது. நான் மூணாவது வழியில வந்தவ, கூட வேலை பாக்கிற சிஸ்டர்ஸ் நிறைய பேர் முதல் ரெண்டு வழியில வந்தவங்க, அதனால மூணையும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். வீடுகள்ல என்ன பண்றாங்கன்னா ஃபீஸ் எவ்வளவு, மார்க் எவ்வளவு வேணும், இது ரெண்டை மட்டும் வெச்சு முடிவு பண்ணிடறாங்க. காலேஜுக்கு உள்ள போறதுக்கு ஒரு தகுதி இருக்குன்னா, டிகிரியோட வெளிய வர்றதுக்கு வேற ஒரு தகுதி இருக்கு, அதைப் பத்தி சேரும்போது யாருமே கேக்கறதில்ல.

முதல்ல எல்லாருக்கும் பொதுவானதை சொல்லிடறேன். கிறிஸ்தவ காலேஜோ கவர்ன்மென்ட் காலேஜோ, அடிப்படை ரூல் இந்தியன் நர்சிங் கவுன்சில் போடறதுதான். பி.எஸ்சி.க்கு ப்ளஸ் டூவுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் சேத்து 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்கு 40, இங்கிலீஷ் பாஸ் ஆகியிருக்கணும். சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும், மெடிக்கல் ஃபிட்னெஸ் வேணும். கல்யாணம் ஆனவங்களும் சேரலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது. நீட் கேக்குமான்னு பயப்படறாங்க, தமிழ்நாட்டு பி.எஸ்சி. நர்சிங் கவுன்சிலிங்குக்கு நீட் கிடையாது, புதுச்சேரி ஜிப்மர், மிலிட்டரி நர்சிங் மாதிரி சில இடங்கள்லதான் நீட் மார்க் பாக்கறாங்க.

வேலூரைப் பத்தி பேசாம இந்த விஷயத்தை ஆரம்பிக்கவே முடியாது. சி.எம்.சி.யை ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1909லயே அங்க நர்ஸ் ட்ரெயினிங் ஆரம்பிச்சுட்டாங்க. 1946ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி கீழ பி.எஸ்சி. நர்சிங் வந்துச்சு, அதே வருஷம்தான் டெல்லியிலயும் டிகிரி ஆரம்பிச்சாங்க, இந்தியாவுல நர்சிங்னா டிகிரின்னு ஒண்ணு உண்டுன்னு ஆனதே இந்த ரெண்டு இடத்தாலதான். இப்ப எம்.ஜி.ஆர். மெடிக்கல் யூனிவர்சிட்டி கீழ இருக்கு. அங்க சேரணும்னா கவர்ன்மென்ட் கவுன்சிலிங்கை நம்பி உக்காந்திருக்கக் கூடாது, அவங்களே தனியா அப்ளிகேஷன் விட்டு, நுழைவுத் தேர்வு வெச்சு எடுக்கறாங்க. 45 சதவீதம்ங்கிறது அப்ளிகேஷன் போட மட்டும்தான் உதவும், உள்ள போறது பரீட்சை மார்க்கைப் பொறுத்தது. அதோட ஸ்பான்சர்ஷிப்னு ஒண்ணு இருக்கு. சி.எம்.சி.யை நடத்துற சபைகளும் மிஷன் அமைப்புகளும் தங்களோட பிள்ளைங்களுக்கு பேர் கொடுக்கலாம். அப்படி ஸ்பான்சர் வாங்கி சேர்ந்தா, படிச்சு முடிச்சதும் அந்த சபையோட ஆஸ்பத்திரியிலயோ தேவை இருக்கிற வேற மிஷன் ஆஸ்பத்திரியிலயோ குறிப்பிட்ட காலம் வேலை செய்யணும். எவ்வளவு காலம், எந்த மாநிலம், இடையில கல்யாணம் ஆனா என்ன பண்ணுவாங்க, இதெல்லாம் அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அப்பா அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உக்காந்து படிங்க. வட இந்தியாவுல ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டி வரலாம், மொழி தெரியாத இடமா இருக்கலாம். அதை சந்தோஷமா ஏத்துக்கிட்டு போனவங்களையும் தெரியும், ரெண்டாவது மாசமே அழுதுட்டு ஃபோன் பண்ணவங்களையும் தெரியும். பணிவிடை வாங்க இல்ல, பணிவிடை செய்யங்கிறது அந்த காலேஜோட குறிக்கோள் வசனம், அதை அவங்க சீரியஸாவே எடுத்துக்கறாங்க, பிள்ளைக்கு அந்த மனசு இருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க.

படிப்புன்னு பாத்தா வேலூருக்கு ஈடு சொல்றது கஷ்டம்தான். ஊருக்குள்ள இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி, 2022ல திறந்த ராணிப்பேட்டை கேம்பஸ், பாகாயத்துல சமுதாய சுகாதாரத்துக்கான சாட் ஆஸ்பத்திரி, அது போக நர்சிங் காலேஜே தனியா நடத்துற கிராம சுகாதார வேலை. நர்சிங் டீச்சர்ஸ் கிளாஸ்ல பாடம் எடுத்துட்டு ஸ்டாஃப் ரூமுக்கு போயிடறவங்க இல்ல, வார்டுல நோயாளியைப் பாக்கிற பொறுப்பும் அவங்களுக்கு உண்டு. காலையில உங்களுக்கு பாடம் எடுத்த மேடமே சாயங்காலம் வார்டுல ட்ரெஸ்ஸிங் பண்ணிக் காட்டுவாங்க, அந்த முறைக்காகவே நான் வேலூரை முதல்ல வெப்பேன்.

ஆனா வேலூர் சீட் எல்லாருக்கும் கிடைக்காது. அப்ப ரெண்டாவது வழி. நெய்யூர்ல கிறிஸ்டியன் காலேஜ் ஆஃப் நர்சிங், மதுரையில சி.எஸ்.ஐ. ஜெயராஜ் அன்னபாக்கியம் காலேஜ்னு இப்படி தமிழ்நாடு முழுக்க சி.எஸ்.ஐ. காலேஜும் கத்தோலிக்க சிஸ்டர்ஸ் நடத்துற காலேஜும் இருக்கு. இங்க சீட் ரெண்டா பிரியும். மைனாரிட்டி காலேஜ்னா வழக்கமா பாதி சீட்டை கவர்ன்மென்ட் கவுன்சிலிங்குக்கு கொடுத்துடுவாங்க, அதுல எந்த மதத்துப் பிள்ளையும் ப்ளஸ் டூ மார்க்கை வெச்சு, 69 சதவீத இட ஒதுக்கீட்டோட சேரலாம். மீதி பாதி நிர்வாகத்தோட கையில, அதுல சபைப் பிள்ளைங்களுக்கு முன்னுரிமை. நம்ம ஆளுங்க பண்ற தப்பு என்னன்னா, நம்ம டயோசிஸ் காலேஜ்தானே, ஆயர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு போனா சேத்துக்குவாங்கன்னு நினைச்சு கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணாமயே விட்டுடறாங்க. அதே காலேஜ், அதே கிளாஸ் ரூம், ஆனா கவுன்சிலிங் சீட்ல வந்தவளுக்கு ஃபீஸ் கம்மி, முதல் பட்டதாரி சலுகையும் கிடைக்கும், நிர்வாக சீட்ல வந்தவளுக்கு அது கிடையாது. ரெண்டுக்கும் அப்ளை பண்ணுங்க, கவுன்சிலிங்ல கிடைச்சா அதுலயே சேருங்க.

டயோசிஸ் காலேஜ்னு மொத்தமா ஒரே தட்டுல வெச்சுப் பேசறதும் சரி கிடையாது. நெய்யூரை எடுத்துக்கோங்க, 1838ல லண்டன் மிஷன் ஆரம்பிச்ச மருத்துவ வேலை அது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் 1922ல அங்க வந்து பாத்துட்டு, லண்டன்ல பெரிய சர்ஜனா ஆயிருக்க வேண்டியவர், பல வருஷம் அங்கயே தங்கி ஆபரேஷன் பண்ணினார். அப்படி தலைமுறை தலைமுறையா நோயாளிங்க வந்து பழகின ஆஸ்பத்திரி இருக்கிற இடம் வேற, பேருக்கு கிறிஸ்தவ காலேஜா இருந்து சொந்தமா நோயாளியே இல்லாத இடம் வேற. ரெண்டாவது ரக காலேஜ்ல பிள்ளைங்க பஸ்ல ஏறி வேற ஆஸ்பத்திரிக்கு போய், நாப்பது பேர் ஒரே வார்டுல ஓரமா நின்னு வேடிக்கை பாத்துட்டு, ரெக்கார்ட் நோட்டை நிரப்பிக்கிட்டு திரும்பி வருவாங்க. சொந்த ஆஸ்பத்திரி குறைஞ்சது 100 படுக்கையோட இருக்கணும், ஒரு ஸ்டூடன்ட்டுக்கு மூணு நோயாளி வீதமாவது இருக்கணும்னு கவுன்சில் சொல்லுது, பேப்பர்ல அது எல்லா இடத்துலயும் இருக்கும். நீங்க காலேஜ் ஆபீஸ்ல கேக்காதீங்க, ஆஸ்பத்திரி கேன்டீன்ல யூனிஃபார்ம் போட்டுட்டு டீ குடிக்கிற பிள்ளைங்ககிட்ட கேளுங்க, இந்த மாசம் எத்தனை நாள் வார்டுக்கு போன, ஊசி நீ போட்டியா சிஸ்டர் போட்டாங்களா, டெலிவரி பாத்தியா பண்ணியான்னு.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வெளிய வர்றதுக்கான தகுதின்னு சொன்னேன்ல, அது இங்கதான் இருக்கு. இப்ப பி.எஸ்சி. எட்டு செமஸ்டர், கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். பரீட்சை எழுத தியரியில 80, பிராக்டிகல்ல 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் போதும், ஆனா டிகிரி கைக்கு வரணும்னா ஒவ்வொரு கிளினிக்கல் ஏரியாவுலயும் 100 சதவீதம் முடிச்சிருக்கணும். அம்மை போட்டு ரெண்டு வாரம் படுத்தா அந்த ரெண்டு வாரத்தை லீவ்ல வந்து ஈடு கட்டணும், எங்க செட்ல ஒருத்தி எல்லாரும் ஊருக்குப் போன பிறகு தனியா ஹாஸ்டல்ல இருந்து போஸ்டிங்கை முடிச்சுட்டுதான் போனா. பாஸ் மார்க் 50, தியரியில தனியா பிராக்டிகல்ல தனியா. டெலிவரி கேஸ் புக் நிரம்பணும், ஒவ்வொரு கேஸுக்கும் கையெழுத்து இருக்கணும். லேபர் வார்டே கூட்டமில்லாத ஆஸ்பத்திரியில அந்த புக் எப்படி நிரம்பும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப மூணாவது வழி, ஜி.என்.எம். இதை நிறைய பேர் ரெண்டாம் தரமா பாக்கறது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு. மூணு வருஷம், அதுல கடைசி ஆறு மாசம் இன்டர்ன்ஷிப். ப்ளஸ் டூவுல எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம், காமர்ஸ் படிச்ச பிள்ளையும் 40 சதவீதமும் இங்கிலீஷ் பாஸும் இருந்தா போதும், பி.எஸ்சி.க்கு இந்தக் கதவு கிடையாது. முடிச்சதும் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணி அதே ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், மிட்வைஃப்) நம்பர் வாங்குவீங்க, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. நடத்துற ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்கு பி.எஸ்சி. படிச்சவளும் ஜி.என்.எம். படிச்சவளும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துதான் எழுதறாங்க. அந்த ரிஜிஸ்ட்ரேஷன் கையில இருந்தா போஸ்ட் பேசிக் ரெண்டு வருஷம், டிகிரி வந்துடும். மொத்தம் அஞ்சு வருஷம், நேர் பி.எஸ்சி.யை விட ஒரு வருஷம் கூட, ஆனா நடுவுல வேலைக்குப் போய் சம்பாதிச்சு அந்தக் காசுல படிக்கலாம்.

மிஷன் ஆஸ்பத்திரியில ஜி.என்.எம். படிச்சா வார்டுதான் கிளாஸ் ரூம். ஏழு மணி ஷிப்ட்டுக்கு முன்னாடி எல்லாரும் டெஸ்க் பக்கத்துல நின்னு ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், உடனே ஹேண்ட் ஓவர், ஒவ்வொரு படுக்கையா நடந்துகிட்டே. எனக்கு செகண்ட் இயர்ல நைட் டூட்டியில ஒரு டெலிவரி முடிஞ்ச அம்மா, பிளீடிங் நிக்கல. சிஸ்டர் டாக்டருக்கு சொல்லி அனுப்பிட்டு, ஒரு கையால ட்ரிப்பை சரி பண்ணிக்கிட்டே என் கையைப் பிடிச்சு அந்த அம்மாவோட தொப்புளுக்குக் கீழ அழுத்தி வெச்சு, "இப்ப மெத்துனு இருக்குல்ல, தேய்ச்சுக்கிட்டே இரு, இறுகுற வரைக்கும் கையை எடுக்காத"ன்னாங்க. கொஞ்ச நேரத்துல கைக்கு அடியில கர்ப்பப்பை இறுகி கெட்டியாகறது தெரிஞ்சுது. அந்தப் பாடத்தை எந்த பி.எஸ்சி. புக்கும் எனக்கு அப்படி சொல்லிக் கொடுத்திருக்காது. அதனால நோயாளி இல்லாத காலேஜ்ல பி.எஸ்சி.யா, நல்ல மிஷன் ஆஸ்பத்திரியில ஜி.என்.எம்.மான்னு கேட்டா, யோசிக்காம ஜி.என்.எம்.னு சொல்வேன்.

குறையும் சொல்லணும். டீச்சிங் பக்கம் போகணும்னு இருக்கிற பிள்ளைக்கு நேர் பி.எஸ்சி.தான் சுலபம். எம்.எஸ்சி.க்கு டிகிரியில 55 சதவீதமும் ஒரு வருஷ அனுபவமும் கேப்பாங்க, வெறும் ஜி.என்.எம்.மோட அங்க போக முடியாது. அதோட ஜி.என்.எம். முடிச்சு சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் வீட்டுக் கடன், தம்பி படிப்பு, கல்யாணம்னு போஸ்ட் பேசிக் தள்ளித் தள்ளிப் போய் அப்படியே நின்னுடறவங்க நிறைய. பொண்ணைப் பெத்தவங்க அந்த ரெண்டு வருஷத்தை இப்பவே கணக்குல எடுத்து வைங்க.

கிறிஸ்தவங்க இல்லாத வீட்ல கேக்கற கேள்வி, மதம் மாத்திடுவாங்களான்னு. எனக்குத் தெரிஞ்ச இடங்கள்ல டிகிரிக்கு அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. காலை சேப்பல், விளக்கேற்றும் விழாவுல உறுதிமொழி, ஹாஸ்டல்ல ஞாயிறு ஒழுங்கு, இதெல்லாம் இருக்கும், அமைதியா உக்காந்திருந்தா போதும். என் ரூம்மேட் பொட்டு வெச்சுக்கிட்டு கந்த சஷ்டி விரதம் இருந்தவ, வார்டன் சிஸ்டர்தான் அவளுக்கு தனியா சாப்பாடு சொல்லி வைப்பாங்க. ஹாஸ்டல் கெடுபிடி எல்லாருக்கும் ஒண்ணுதான், ஃபோன் நேரம், அவுட்டிங் நேரம் எல்லாம் முன்னாடியே கேட்டுக்கோங்க.

பாண்ட், அதாவது படிச்சு முடிச்சதும் இவ்வளவு காலம் வேலை செய்யணும்ங்கிற ஒப்பந்தம், அந்த விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. வேலூர் மாதிரி எழுத்துல தெளிவா சொல்ற இடம் பரவாயில்ல. சில இடங்கள்ல சேரும்போது வாயால சொல்லிட்டு, முடிக்கும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் வேலை செய்னு சொல்வாங்க, எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி அப்படி மாட்டி வெளிநாட்டு இன்டர்வியூவையே விட்டா. எத்தனை மாசம், என்ன சம்பளம், விட்டுப் போனா எவ்வளவு கட்டணும், மூணையும் பேப்பர்ல வாங்குங்க.

பேப்பர்னதும் ஞாபகம் வருது, ஞானஸ்நான சர்டிபிகேட், சபை அங்கத்தினர்னு ஆயர் கொடுக்கிற கடிதம், கம்யூனிட்டி சர்டிபிகேட் மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. ஆதிதிராவிட குடும்பத்துல கிறிஸ்தவங்களா இருக்கிறவங்களுக்கு தமிழ்நாட்டுல பி.சி. சர்டிபிகேட்தான் வரும், எஸ்.சி. மார்க் சலுகையை நம்பி இருக்காதீங்க. கவர்ன்மென்ட் ஸ்கூல்ல ஆறாவதுலருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்ச பொண்ணுன்னா மாசம் 1000 ரூபாய் புதுமைப் பெண் உதவித்தொகை உண்டு, தனியார் கிறிஸ்தவ காலேஜ்ல சேர்ந்தாலும், டிப்ளமோன்னாலும் கிடைக்கும், காலேஜ் மூலமாத்தான் அப்ளை பண்ணணும், அதனால சேர்ந்த முதல் வாரமே ஆபீஸ்ல கேட்டுடுங்க.