சக்குலன்ட் பாட்டிங் மிக்ஸ்: தாராளமா வாங்கலாம்

ஜேட் செடிக்காக (இலையிலயும் தண்டுலயும் தண்ணிய சேத்து வைக்கிற சக்குலன்ட் வகை) இந்த ரெடிமேட் மண் கலவைய வாங்குனேன், ஏன்னா நர்சரில வச்சு குடுத்த கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) ஈரத்த விடாம புடிச்சுக்கிட்டு தண்டோட அடி கொழகொழன்னு ஆயிடுச்சு. உள்ள பழுப்பு இல்லாம சுத்தமா பச்சையா தெரியுற வரைக்கும் அழுகுனத வெட்டணும், வெட்டுன இடம் நல்லா காயுற வரை நிழல்ல வச்சிருந்துட்டு அப்புறம்தான் இதுல நட்டேன். பெர்லைட், பியூமிஸ்னு லேசான எரிமலைக்கல் துணுக்குங்க இதுல நிறையவே இருக்கு, தண்ணி ஊத்துனா நிக்காம அடியில ஓடிடுது, சக்குலன்ட்டுக்கு அதான் உயிரே. இப்போ வேர் புடிச்சு புது இலை விடுது, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு! தூசி ஜாஸ்தி, கொட்டும்போது மாஸ்க் போட்டுக்கோங்க. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனா பிளாஸ்டிக்ல போடாம மண் சட்டில போட்டீங்கன்னா குடுத்த காசுக்கு வொர்த். சென்னை மழைக்காலத்துக்கு மட்டும் இன்னும் ரெண்டு கை பெர்லைட் கலந்துக்கோங்க.