பிரிண்ட் போட்ட கோர் இன்செர்ட்: இரண்டேகால் வருஷத்துக்குப் பிறகு

ஓசூர் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு போன் செய்தார். "மெட்டல் பிரிண்டிங் விலை இறங்கிடுச்சாமே, நீங்கதான் ரொம்ப நாளா ஓட்டுறீங்க, போடலாமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. வயர்கட் கடையிலிருந்து (மின்கம்பியால் உலோகத்தை அறுக்கிற இடம்) எங்கள் இன்செர்ட்டை, அதாவது பிளாஸ்டிக் அச்சுக்குள் பொருத்துகிற பிரிண்ட் போட்ட ஸ்டீல் பாகத்தை, இரண்டு துண்டாக வாங்கிக்கொண்டு அப்போதுதான் வண்டியை எடுத்திருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் ஆறிய பிறகு இதை எழுதுகிறேன்.

எங்கள் இன்செர்ட் மாரேஜிங் ஸ்டீல் 1.2709; அதன் பவுடரை 40 மைக்ரான் அடுக்கடுக்காக உருக்கிப் போட்டு, பிறகு கடினமாவதற்கு 490 டிகிரியில் 6 மணி நேரம் வைத்தது, அதுதான் ஏஜிங். எங்கள் ஐட்டம் மிக்சி ஜார் கைப்பிடி, ஏபிஎஸ் பிளாஸ்டிக். பழைய பி20 ஸ்டீல் கோரில் (அச்சின் உட்பகுதி), குளிர்விக்கும் தண்ணீர் போக நேர் ஹோல் மட்டும்தான் டிரில் போட முடியும். கைப்பிடி வளைகிற தடித்த இடத்துக்குத் தண்ணீர் எட்டாது, சூடு அங்கேயே நிற்கும். அச்சைச் சீக்கிரம் திறந்தால் பீஸில் குழி விழும். பிரிண்ட் இன்செர்ட்டில் தண்ணீர்ப் பாதை கைப்பிடியோடு சேர்ந்தே வளைந்து போகிறது. ஒரு பீஸுக்கு ஆகும் சைக்கிள் டைம் 42 விநாடியிலிருந்து 31-க்கு இறங்கியது, குழியும் போய்விட்டது. முதல் மாதம் வந்தவர் போனவரிடமெல்லாம் இதைத்தான் பேசினேன்.

இதைவிட நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. பிரிண்டிலிருந்து வரும்போது இன்செர்ட்டின் கடினம் 36 எச்ஆர்சி-தான். எங்கள் ஃபிட்டர் மரை வெட்டும் சாதாரண டேப்பை வைத்தே எம்5 த்ரெட் போட்டார், மில்லிங்கும் சிரமமில்லை. ஏஜிங் முடிந்து வந்தபோது 52. கேஜ் விட்டுப் பார்த்தால் அதே த்ரெட், திருகினால் போகிறது. எச்13 டூல் ஸ்டீலை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றிக் குளிர்வித்து வாங்கினால், வளைசலைச் சரிசெய்யவே கிரைண்டிங்கில் அரை நாள் போகும். இதில் அந்தப் பாடு இல்லை. மாரேஜிங்கில் கார்பன் 0.03 சதவீதத்துக்கும் கீழே. கடினம் வருவது நிக்கலும் டைட்டானியமும் மாலிப்டினமும் சேர்ந்து உள்ளே நுண்ணிய துகள்களாகப் படிவதால். சுருக்கமும் 100 மில்லிமீட்டருக்கு 0.08 என்கிற அளவில் சீராக இருக்கிறது. ஃபிட்டர் அன்றைக்குச் சொன்னது: "இது ஸ்டீல் மாதிரியே நடந்துக்கலீங்க, சொன்ன பேச்சு கேக்குது."

சரி, வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இன்செர்ட்டோடு ஒரு சர்டிஃபிகேட் வந்தது. படுக்கையாக பிரிண்ட் போட்ட டெஸ்ட் பாரின் இழுவலிமை 2,010 மெகாபாஸ்கல், நிற்க வைத்துப் போட்டது 1,980, எலாங்கேஷன் (அறுவதற்கு முன் நீளும் அளவு) 4 சதவீதம். அடுக்குகள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாவிட்டால் நிற்கிற பார்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதுவும் இவ்வளவு கிட்டத்தில் வந்ததால் நான் நிம்மதியாக இருந்தேன். ஃபைலில் போட்டுப் பூட்டினேன். பிரிண்ட் போட்டுக் கொடுத்தவர்கள் ஐந்து லட்சம் ஷாட் (ஒரு தடவை வார்ப்பது ஒரு ஷாட்) தாங்கும் என்றார்கள்.

2,60,000 ஷாட்டில் ஒரு நாள் நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் பீஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கைப்பிடி வளைவில் வெள்ளி வெள்ளியாகக் கோடு. பிளாஸ்டிக் மெட்டீரியல் ஈரம் என்று நினைத்து டிரையரைத் திட்டினோம், டெம்பரேச்சரை ஏற்றினோம், கோடு போகவில்லை. மெஷினை நிறுத்திக் கோரைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், நான்கைந்து நிமிடத்தில் அதே இடத்தில் வியர்வைத் துளி மாதிரி ஒன்று முளைக்கிறது. தலைமுடி அளவுக்குக்கூட விரிசல் தெரியவில்லை. துளி மட்டும் தெரிகிறது.

லேசர் வெல்டிங் வைத்துப் பார்த்தோம். மாரேஜிங் வெல்டுக்கு நன்றாக ஒத்துழைக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விரிசல் கிளம்பிய இடம் உள்ளே, நாம் அடைப்பது வெளியே. மூன்று வாரத்தில் பக்கத்திலேயே கசிந்தது. அப்புறம்தான் இதை ஏன் காப்பாற்றுகிறோம் என்று தோன்றி, நடுவாக அறுக்கச் சொன்னேன்.

அறுத்துப் பார்த்தால் பாதையின் தரைப்பக்கம் பரவாயில்லை, கூரைப்பக்கம் பாகற்காய்த் தோல். 8 மில்லிமீட்டர் வட்டம் என்று வரைந்திருந்தோம். மேல் வளைவைப் போடும்போது அடியில் தாங்க வெறும் பவுடர்தான் இருக்கும். உருகிய உலோகம் அதில் தொங்கி, பாதி உருகிய துகள்களும் ஒட்டிக்கொண்டு இறுகிவிடுகிறது. அந்த மேடு பள்ளத்துக்குள் துரு பிடித்து, காவிக் கலரில் ஒரு குழி. விரல் நகத்தை வைத்தால் மாட்டுகிறது. அங்கிருந்துதான் விரிசல் கிளம்பி, 3.5 மில்லிமீட்டர் சுவரைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். டெஸ்ட் பாரைப் பழைய போட்டோவில் மறுபடி பார்த்தேன். பளபளவென்று இருக்கிறது. லேத்தில் கடைந்து, மேல்தோலை எடுத்துவிட்டு, ஒரே ஒரு தடவை இழுத்து அறுத்திருக்கிறார்கள். அது ஊர் உலகத்து வழக்கம்தான், ஏமாற்று இல்லை. ஆனால் என் இன்செர்ட்டின் தண்ணீர்ப் பாதைக்குள் எந்த லேத்தும் போகவில்லை. அது பிரிண்டான தோலோடுதான் வேலை செய்கிறது, அதுவும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு சூடு, ஒரு குளிர், ஒரு அழுத்தம் என்று லட்சக்கணக்கான தடவை. அந்த நிலையில் 2,000 மெகாபாஸ்கல் என்பதே பாதகம். மென்மையான ஸ்டீலாக இருந்தால் சின்னக் குழி முனையில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இது விறைப்பாக நின்று கீறிக்கொண்டே போகும். உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சர்டிஃபிகேட்டில் இருந்த நம்பர் அத்தனையும் நிஜம், எனக்கு வேண்டிய நம்பர் மட்டும் அதில் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் என் பங்கும் உண்டு. சுவரை 3.5 போடச் சொல்லி அடம் பிடித்தது நான்தான். பிரிண்ட் போட்டவர்கள் 5 கேட்டார்கள். தண்ணீரும் அப்படித்தான். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரைப் பெருமையாகக் குடிப்போம், மெஷினுக்கு போர்த் தண்ணீரைத்தான் விடுவோம். பி20 அதைப் பத்து வருஷம் பொறுத்துக்கொண்டது என்பதால் இதுவும் பொறுக்கும் என்று நினைத்தேன். மாரேஜிங்கில் 18 சதவீதம் நிக்கல் இருக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் போல நினைத்துவிடாதீர்கள். குரோமியம் இல்லாத நிக்கல் துருவைத் தடுக்காது.

ஓசூர்க்காரர் இன்னொன்றும் கேட்டார். ரோபோ கிரிப்பர் கைக்கு AlSi10Mg என்று சொல்கிற அலுமினியத்தில் பிரிண்ட் போடலாமா, டேட்டா ஷீட்டில் 450 மெகாபாஸ்கலுக்கு மேல் போட்டிருக்கிறதே என்று. அது மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு உள்ள கணக்கு. உள்ளே இருக்கிற இறுக்கம் போக 300 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்தால் அதில் நூறு மெகாபாஸ்கலுக்கு மேல் குறைந்துவிடும். செய்யாவிட்டால் பிளேட்டிலிருந்து அறுக்கும்போதே வளையும். எங்கள் ஸ்டீல் சூட்டில் ஏறுகிறது, அது சூட்டில் இறங்குகிறது. எந்த நிலையில் எடுத்த நம்பர் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்போது ஓடுவது இரண்டாவது இன்செர்ட். பாதை வட்டமில்லை, மேலே கூம்பிய துளி வடிவம், கூரை தொங்காது. சுவர் 5. அரைக்கும் துகள் கலந்த களிமண் போன்ற ஒன்றை உள்ளே அழுத்தி ஓட்டி வழவழப்பாக்கி வாங்கினோம், அதற்குத் தனி பில். சாஃப்ட்னர் போட்டு, துருத் தடுப்பு மருந்து கலந்த தண்ணீரைத் தனி டேங்கில் சுற்ற விடுகிறோம். சைக்கிள் 33 ஆகிவிட்டது, அந்த 2 விநாடி போனதுதான் இன்னும் குத்துகிறது. 90,000 ஷாட் தாண்டியாயிற்று, துளி எதுவும் இல்லை.

நண்பருக்குச் சொன்ன பதில் "வேண்டாம்". இன்னும் மாற்றவில்லை. முதல் இன்செர்ட் தன் விலையை எட்டு மாதத்திலேயே சம்பாதித்துக் கொடுத்துவிட்டது என்று எங்கள் கணக்குப்பிள்ளை சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். அறுத்த துண்டு ஒன்று என் மேஜையில்தான் இருக்கிறது. பிரிண்டிங் விற்க வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து, முதலில் கூரையில் விரலை வைத்துப் பாருங்கள் என்கிறேன்.