கராத்தேயா, டேக்வாண்டோவா: பாயிண்ட் போடுவது கண்ணா, கருவியா?

கராத்தே என்றால் கை, டேக்வாண்டோ என்றால் கால். ஒன்று ஒகினாவாவில் வளர்ந்து ஜப்பான் வழியாக வந்தது, மற்றது கொரியாவிலிருந்து. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளை உடை, கலர் பெல்ட், குனிந்து வணக்கம் என்று போகும் முதல் ஆறு மாதத்தில் எதில் சேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபைட் ஆரம்பித்த பிறகுதான் தெரியும். அடி பட்டதா இல்லையா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. என் ஓட்டு கராத்தேவுக்கு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டேக்வாண்டோ ஃபைட் நிறைய மாறிவிட்டது. முன்பெல்லாம் எதிராளியின் உடம்பு குலுங்குகிற மாதிரி உதைத்தால்தான் பாயிண்ட். பார்த்துப் பொத்தானை அழுத்துவது நடுவர் வேலை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தீர்ப்புகள் மேல் பெரிய சர்ச்சைகள் வந்தன. 2012 லண்டனில் மார்புக் கவசத்தில் சென்சார் வந்தது, 2016 ரியோவில் தலைக்கவசத்திலும் வந்தது. வீரர் போடும் சாக்ஸிலும் சென்சார் உண்டு. சாக்ஸும் கவசமும் சரியான இடத்தில் சந்தித்து, எடைப்பிரிவுக்குக் குறித்த அளவு பலம் பதிவானால் போர்டில் எண் ஏறும். உடம்புக்கு உதை 2, தலைக்கு 3. சுழன்று உதைத்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் கணக்கு இதுதான். கையால் குத்தினால் 1. அதையும், சுழல் உதைக்கான கூடுதல் பாயிண்ட்டையும் இன்றும் நடுவர்தான் தருகிறார்.

இதனால் பாரபட்சம் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உதையின் வடிவமும் மாறிவிட்டது. முன்காலை மடக்கித் தூக்கியபடி, வாள் சண்டை மாதிரி எட்டி எட்டித் தட்டுவார்கள். கட்டிக்கொண்டு நிற்கும்போதே காலை வளைத்துத் தலைக்கவசத்தின் பின்பக்கம் தொடுவார்கள். இடுப்பைத் திருப்பி முழு உடம்பையும் போட்டு உதைப்பதைவிட, சாக்ஸ் சரியாகப் பதிகிற கோணம் கிடைப்பதுதான் லாபம். காலைத் தூக்கியே வைத்திருந்தால் தண்டனை என்று பிறகு விதி வந்தது. 2022-லிருந்து மூன்று ரவுண்டில் இரண்டை வெல்பவருக்கு வெற்றி. ஒரு ரவுண்டில் ஐந்து கம்ஜொம் (தவறுக்கான தண்டனை) வாங்கினால் அந்த ரவுண்டு போச்சு. இப்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தில் குத்து கிடையாது என்பதால் கைகள் தாழ்ந்தே தொங்கும். அந்தப் பழக்கத்தோடு குத்து அனுமதிக்கிற வேறு கலைக்குப் போனால் முதல் வாரமே மூக்கில் வாங்க வேண்டியதுதான்.

என் தயக்கம் இங்கேதான். சென்சார் கவசம் இல்லாத க்ளாஸில் டேக்வாண்டோ ஃபைட் பழகுவது, ஸ்கோர்போர்டு இல்லாமல் பௌலிங் பழகுவதைவிட மோசம். அங்கே விக்கெட் விழுந்தது கண்ணுக்காவது தெரியும். இங்கே எந்த உதை பதியும், எது பதியாது என்பது கருவியில் உதைத்துப் பார்த்தால்தான் காலுக்குப் புரியும். சென்சார் இல்லாத சாதாரண ஹோகுவில் (மார்புக் கவசம்) இரண்டு வருடம் பலமாக உதைத்துப் பழகிய பிள்ளை, போட்டியில் அதே உதையை உதைத்துவிட்டு போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். உதை பலமாகத்தான் இருக்கும், சாக்ஸ் பட்ட இடம்தான் தப்பு. கவசம் ஒன்று இருந்தாலும் போதாது. சைஸ் வாரியாக ஜோடி ஜோடியாக வேண்டும், ரிசீவர் வேண்டும், பேட்டரி பார்க்க வேண்டும். சாக்ஸோடு மேட் விரிப்பை விட்டு சிமெண்ட் தரையில் நடந்தால் அதுவும் தேயும். இத்தனையும் வாங்கிப் பராமரிக்கிற க்ளாஸ் என்றால் தாராளமாகச் சேருங்கள், நான் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

கராத்தேயில் இன்றும் மனிதக் கண்தான். நான்கு மூலையில் நான்கு நீதிபதிகள், இரண்டு பேராவது ஒத்துப்போனால் பாயிண்ட். குத்துக்கு 1 பாயிண்ட் (யூகோ), உடம்புக்கு உதை 2 (வாசாரி), தலைக்கு உதை 3 (இப்போன்). எதிராளியைச் சறுக்கி விழவைத்து உடனே குத்தினாலும் 3. எட்டு பாயிண்ட் முன்னிலை வந்தால் ஆட்டம் முடிந்தது. 1957-இல் ஜப்பானில் நடந்த முதல் பெரிய போட்டியில் ஒரே ஒரு தெளிவான அடி போதும், கதை முடிந்தது. அந்தக் குணம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அடி விழுந்ததும் 'யாமே' என்று நிறுத்தி, பழைய இடத்தில் நிற்கவைத்து மறுபடி தொடங்குவார்கள். தூரம், நேரம், வடிவம், அடித்த பிறகும் விழிப்பு, எல்லாம் பார்க்கிறார்கள். குத்திவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக் கையைத் தூக்கினால் வந்த பாயிண்ட்டும் வராமல் போகும். இதைப் பழக கையுறை, ஷின் கார்டு, கால் கவசம், கம் ஷீல்டு, நல்ல கண் உள்ள ஒரு மாஸ்டர் இருந்தால் போதும். க்ளாஸில் பழகுவதும் போட்டியில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

இதிலும் கோளாறு இல்லாமல் இல்லை. அடிக்க வேண்டும், ஆனால் அளவோடு அடிக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியில் சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். தலைக்கு உதைத்தார், ஈரானின் சஜாத் கஞ்ஜாதே மயங்கி விழுந்தார். அதிகத் தாக்குதல் என்று ஹமேதி தகுதியிழந்தார், மயங்கியவருக்குத் தங்கம். அதே உதை டேக்வாண்டோவில் என்றால் உதைத்தவர் வென்றிருப்பார். இது அபத்தம் என்பவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையை எதில் விடுவது என்று கேட்டால், அடியை நிறுத்தத் தெரிந்தவனைத் தேடுகிற விதிதான் எனக்குப் பிடிக்கிறது.

ஒலிம்பிக் கனவு என்றால் கணக்கே வேறு. டேக்வாண்டோ 2000 சிட்னியிலிருந்து பதக்க விளையாட்டு. கராத்தே டோக்கியோவில் வந்தது, பாரிஸில் காணோம். மேலே சொன்னதெல்லாம் டபிள்யூகேஎஃப் (உலக கராத்தே கூட்டமைப்பு), டபிள்யூடி (உலக டேக்வாண்டோ அமைப்பு) விதிகளுக்குத்தான். கையால் முகத்தில் அடிக்க விடும் ஐடிஎஃப் என்ற வேறு அமைப்பின் டேக்வாண்டோவும், கவசமின்றி உடம்பில் முழுபலத்தோடு மோதும் கியோகுஷின் கராத்தேயும் தனி உலகம். அவற்றின் போட்டிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

சேர்க்கும் முன் க்ளாஸுக்குப் போய் ஃபைட் நேரத்தில் அரை மணி உட்காருங்கள். கராத்தே என்றால் மாஸ்டர் 'யாமே' சொல்லி நிறுத்திவிட்டு அந்த அடி ஏன் செல்லும், ஏன் செல்லாது என்று காரணம் சொல்கிறாரா என்று பாருங்கள். டேக்வாண்டோ என்றால் சென்சார் சாக்ஸ் எத்தனை ஜோடி இருக்கிறது, உங்கள் பிள்ளையின் சைஸ் அதில் உண்டா என்று கேளுங்கள்.