நூறு பேருக்கு ஒரு டில்லர்: கூட்டுப் பண்ணையத்தின் இயந்திர வாடகை எப்படி இருக்கிறது?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 எக்டேர், அதாவது ஏறத்தாழ 1 ஏக்கர் 85 சென்ட். இவ்வளவு நிலத்துக்கு யாரும் சொந்தமாக டில்லர், அதாவது கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் சிறு உழவு இயந்திரம், வாங்கிக் கட்டுப்படியாகாது. 2017-18ல் மாநில அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டம் இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. 20 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அந்தக் குழுவுக்குப் பண்ணை இயந்திரம் வாங்க 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதி. பத்து குழுக்கள் இணைந்தால் 1,000 பேருடைய உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். முதல் ஆண்டில் மட்டும் 2,000 குழுக்களுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

இந்தக் குழுக்கள் நடத்தும் இயந்திர வாடகைச் சேவையைத்தான் இங்கே எடை போடுகிறோம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாடகை மலிவு, சேரலாம். ஆனால் சேருவதற்கு முன் குழுவின் வரிசை நோட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டும் ஒழுங்காக இருக்கும் குழுவில் பழைய டில்லர்கூட ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் இல்லாத குழுவில் புது டில்லர் மூன்றாம் வருஷம் கொட்டகையில் கோழி அடையும் இடமாகிவிடும்.

உறுப்பினர்கள் சொல்லும் முதல் குறை, “கேட்கும்போது மிஷின் கிடைப்பதே இல்லை” என்பது. செயலாளர் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறார் என்றுதான் பெரும்பாலும் பேச்சு எழும். உண்மையில் இது கணக்கு. 13 குதிரைத்திறன் டில்லர் ஓர் ஏக்கரை ஒரு ஓட்டு ஓட்ட ஏறக்குறைய 4 மணி நேரம் எடுக்கும். நாளுக்கு 8 மணி ஓடினால் 2 ஏக்கர். புரட்டாசிப் பட்டத்தில் மழை பெய்து மண் பதமாக இருப்பது 12 நாள் என்று வையுங்கள், மொத்தம் 24 ஏக்கர். நூறு பேரின் நிலமோ 185 ஏக்கர். அதாவது பதம் இருக்கும்போது எட்டு ஏக்கரில் ஓர் ஏக்கருக்குத்தான் டில்லர் வரும். செயலாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஏழு பேர் கோபப்படத்தான் செய்வார்கள்.

நன்றாக நடக்கும் குழுக்கள் இந்தக் கணக்கைப் பட்டம் தொடங்கும் முன்பே கூட்டத்தில் போட்டுக் காட்டிவிடுகின்றன. கிணறு உள்ளவர்கள் மழைக்கு முன்பே தண்ணீர் கட்டிப் பதம் வரவைத்து ஓட்டிக்கொள்ள வேண்டும், மழை விழுந்த பிறகு மிஷின் மானாவாரிக் காட்டுக்கு மட்டும் என்று தீர்மானம் எழுதுகிறார்கள். வரிசையைப் பெயர் கொடுத்த முறையில் வைப்பதில்லை. காடு இருக்கும் இடத்தை வைத்துப் போடுகிறார்கள், ஒரு வரப்பு தாண்டினால் அடுத்தவர் நிலம் வருகிற மாதிரி. கிழக்குக் காட்டில் ஒன்று, மேற்குக் காட்டில் ஒன்று என்று அலைந்தால் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். எந்த ஆர்வலர் குழுவுக்கு முதல் முறை என்பதும் பட்டத்துக்குப் பட்டம் மாறும். இந்தப் பட்டம் முதலாம் குழு, அடுத்த பட்டம் இரண்டாம் குழு. ஒருவருக்கு ஒரு முறைக்கு 4 மணி நேரம்தான், மிச்சம் இருந்தால் வரிசையின் கடைசியில் மறுபடி சேர வேண்டும். வெளியாருக்கு உறுப்பினர் வேலை முடிந்த பிறகுதான், அதுவும் கூடுதல் வாடகைக்கு.

இப்போது வாடகை. குழுக்கள் அதிகமாகத் தவறு செய்வது இங்கேதான், அதுவும் நல்ல மனத்தோடு. ஊர் வாடகையைவிடக் குறைவாக வைக்க வேண்டும் என்ற ஆசையில் மணிக்கு 250 ரூபாய் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். 2 லட்சம் விலையுள்ள டில்லருக்குக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். மணிக்கு ஒன்றேகால் லிட்டர் டீசல், லிட்டர் 92 என்றால் 115 ரூபாய். ஓட்டுநருக்கு நாள் கூலி 800 என்றால் மணிக்கு 100. ஆயில், கிரீஸ் 10. ஆக 225. மிச்சம் 25 ரூபாய். வருஷத்துக்கு 400 மணி ஓடினால் அது 10,000 ரூபாய், பழுதுச் செலவுக்குச் சரியாகப் போய்விடும். தேய்மானத்துக்கு ஒரு பைசாகூட இல்லை.

எட்டு வருஷம் கழித்துப் பழைய விலைக்கு 20,000 கிடைக்கும் என்று வைத்தால், 1,80,000 ரூபாயை 3,200 மணி நேரத்தில் மீட்க வேண்டும். அது மணிக்கு 56 ரூபாய் சொச்சம். ஆகவே உண்மையான வாடகை 306. வருஷத்துக்கு 150 மணிதான் ஓடுகிறது என்றால் தேய்மானம் மட்டும் மணிக்கு 150 ஆகிவிடும், வாடகை 400 வரும். நின்றுகொண்டே இருக்கும் மிஷின்தான் அதிகம் செலவு வைக்கும். இதனால்தான் ஒரே மிஷினைப் பல வேலைக்குப் பயன்படுத்தும் குழுக்கள் தாக்குப்பிடிக்கின்றன. உழவு இல்லாத மாதங்களில் டிரெய்லர் மாட்டி எரு ஏற்றுகிறார்கள், இன்ஜினில் பம்பு மாட்டித் தண்ணீர் இறைக்கிறார்கள். 400 மணிக் கணக்கில் பழுதுக்கும் தேய்மானத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 32,000 ரூபாய்க்கு மேல் தனிக் கணக்கில் சேர வேண்டும். குழுவின் வங்கிப் புத்தகத்தில் இந்த வரவு தெரிகிறதா என்பதே நாங்கள் பார்க்கும் முதல் விஷயம்.

மணியை எப்படி அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். கொட்டகையை விட்டுக் கிளம்பியதிலிருந்தா, காட்டில் சால் போட்டதிலிருந்தா என்று தெளிவாக இல்லாத இடத்தில் தினம் ஒரு சண்டை. பல டில்லர்களில் மணி காட்டும் மீட்டர் இருக்காது. இன்ஜின் அதிர்வை வைத்து ஓடும் சிறிய மீட்டரை வாங்கி ஒட்டிவிட்டால் இந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

5 லட்சத்தில் என்ன வாங்கலாம்? டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் மணிக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் ஓட்டும், டில்லரைப் போல் நான்கு மடங்கு. ஆனால் 5 அடி ரோட்டவேட்டரை இழுக்க 45 குதிரைத்திறன் டிராக்டர் வேண்டும். குழுவிடம் டிராக்டர் இருக்காது, உறுப்பினர் ஒருவரிடம் இருக்கும். ரோட்டவேட்டர் அவர் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பிக்கும். இரண்டு பட்டத்தில் அது அவருடையது என்று ஊரே பேசும். டிராக்டருக்கு இவ்வளவு, ரோட்டவேட்டருக்கு இவ்வளவு என்று பிரித்து ரசீது கொடுத்து, இரவில் குழுக் கொட்டகையில் நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்காமல் இதை வாங்காதீர்கள்.

வரிசைகளுக்கு நடுவே ஓட்டிக் களையெடுக்கும் பவர் வீடர் நல்ல தேர்வுதான், பயிரின் இடைவெளி பொருந்தினால். மக்காச்சோளம் 60 சென்டிமீட்டர் வரிசையில் இருந்தால் சுழலும் அகலத்தைக் குறைத்து ஓட்டலாம், 90 சென்டிமீட்டர் பருத்தியில் தாராளமாகப் போகும். நிலக்கடலை 30 சென்டிமீட்டர், அதில் நுழையவே நுழையாது. கடலைக் காடு அதிகமுள்ள ஊரில் கையால் தள்ளும் சக்கரக் களைக்கருவி பத்து வாங்குவது மேல். நெல் நடவு இயந்திரத்தைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: பாய் நாற்றங்கால் போடத் தெரிந்தவர்கள் குழுவில் இருக்கிறார்களா? தட்டிலோ பாலித்தீன் விரிப்பிலோ வளர்த்த 15 முதல் 18 நாள் நாற்று இல்லாமல் அந்த மிஷின் ஒரு அடி நடாது. சாதாரண நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றை அதில் வைக்க முடியாது.

பராமரிப்பில் பெரிதாகக் கெடுவது காற்று வடிகட்டி. டில்லர் இன்ஜினில் காற்று ஒரு ஆயில் கிண்ணத்தின் வழியாகப் போகும், புழுதி அந்த ஆயிலில் படியும். செம்மண் காட்டில் புழுதி உழவு ஓட்டிய அன்று மாலை கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் சந்தனம் அரைத்த மாதிரி குழம்பு நிற்கும். அதை வழித்துவிட்டுக் கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றப் பத்து நிமிஷம்கூட ஆகாது. விட்டுவிட்டால் புழுதி சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் லைனரையும் தின்னும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், புகை தள்ளும். அப்புறம் இன்ஜின் வேலைக்கு ஆயிரக்கணக்கில் வைக்க வேண்டும். பெல்ட் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுசும் பழசும் கலந்தால் புதுசு மட்டும் பாரம் தாங்கிச் சீக்கிரம் போய்விடும். புது கத்தி மாட்டிய அன்று முதல் ஒரு மணி ஓட்டியதும் நிறுத்தி எல்லா போல்ட்டையும் இறுக்க வேண்டும். பெட்ரோல் வீடராக இருந்தால் பட்டம் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். நாலு மாதம் கிடந்த பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் செய்ய ஓர் ஆள் வேண்டும். ஆளுக்கு ஆள் கை மாற்றி ஓட்டும் குழுவில் யாரும் கிண்ணத்தைக் கழற்ற மாட்டார்கள். நிலையான ஓட்டுநர் ஒருவர், அவர் வராத நாளுக்கு இன்னொருவர், சாவி இந்த இருவரிடம் மட்டும். ஓட்டுநருக்கு நாள் கூலியோடு மாதக் கடைசியில் பராமரிப்புப் படி என்று சிறு தொகை கொடுக்கும் குழுக்களில் மிஷின் கண்ணுக்குத் தெரிந்தே நன்றாக இருக்கிறது.

பத்து குழுக்கள் இணைந்த மேல்மட்டத்து நிறுவனத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவருக்கு ஒரு ஓட்டு, 5 முதல் 15 இயக்குநர்கள், ஆண்டுக்கூட்டம் என்று சட்ட அமைப்பு ஒழுங்கானது. 2020ல் தொடங்கிய மத்திய அரசின் 10,000 உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் வரும் நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் வரை, உறுப்பினரின் பங்குத் தொகைக்கு ஈடாகத் தலைக்கு 2,000 ரூபாய் வரை, அதிகபட்சம் 15 லட்சம் மானியம் உண்டு. சிக்கல் நான்காம் ஆண்டில் வருகிறது. சம்பளத்துக்கான உதவி நின்றதும் முதன்மைச் செயல் அலுவலர் போய்விடுவார், அவரோடு கணக்குத் தாக்கலும் போய்விடும். ஆண்டுக் கணக்குப் படிவத்துக்கும் ஆண்டறிக்கைப் படிவத்துக்கும் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். ஆறு மாதம் தள்ளிப்போனால் இரண்டுக்கும் சேர்த்து 36,000 ரூபாய், ஒரு டில்லர் வருஷம் முழுக்க ஓடிச் சேர்த்த பழுது, தேய்மானப் பணத்தைவிட அதிகம். பங்கு போடும் முன் போன ஆண்டுப் படிவங்கள் தாக்கலாகிவிட்டனவா என்று கேளுங்கள்.

கடைசியாக மருந்து தெளிப்பான். குழுச் சாமான்களில் மிக மலிவானது, எல்லோருக்கும் கிடைப்பது, அதனாலேயே யாரும் கவனிக்காதது. 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பானைச் சார்ஜ் இறங்கியபடி மூலையில் போட்டால் பேட்டரி செத்துவிடும். வேலை இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து களைக்கொல்லி. ஒருவர் மக்காச்சோளத்துக்கு 2,4-டி அடித்துவிட்டு லேசாக அலசி வைப்பார், மறுநாள் இன்னொருவர் அதே டேங்கில் பூச்சி மருந்து கலந்து பருத்திக்கு அடிப்பார். ஒட்டியிருந்த மிச்சமே போதும், ஒரு வாரத்தில் பருத்தி இலை விரல் மாதிரி குறுகிச் சுருண்டுவிடும், காய்ப்பு அடிபடும். நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று குழுவே உடைந்துவிடும். களைக்கொல்லிக்கென்று இரண்டு தெளிப்பானைத் தனியாக ஒதுக்கி, டேங்க், குழாய், மூடி மூன்றிலும் சிவப்பு பெயின்ட் அடித்து, வேறு கொக்கியில் மாட்டி வையுங்கள். வாடகை நோட்டிலும் அவற்றுக்குத் தனிப் பக்கம்.