அரசியல் அறிவியலா, பொது நிர்வாகமா?

பிளஸ் டூ முடித்து இளங்கலைக்கு விண்ணப்பிக்கும்போது, பெயரளவில் நெருங்கியவையாகத் தோன்றும் இவ்விரு பாடங்களுக்கும் இடையே பலர் தடுமாறுகிறார்கள். அரசியல் அறிவியல் 'ஏன்' என்று கேட்கும் படிப்பு. குடிமக்கள் அரசுக்கு எதற்காகக் கட்டுப்பட வேண்டும் என்ற வினாவுக்கு ஆங்கிலச் சிந்தனையாளர்களான ஹாப்ஸ் அச்சத்தையும் லாக் உரிமையையும் முன்வைத்துச் சொல்லும் விடைகளை ஒப்பிட்டு, தன் வாதத்தைப் பல பக்கங்களில் எழுதப் பழக வேண்டியிருக்கும். பொது நிர்வாகம் 'எப்படி' என்பதில் நிற்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சன் 1887இல் நிர்வாகம் பற்றி எழுதிய கட்டுரையைத் தொடக்கமாகக் கொண்டு, வரவுசெலவுத் திட்டம், தணிக்கை, பணியாளர் நிர்வாகம், அரசமைப்பின் 73ஆவது திருத்தத்துக்குப் பிந்தைய ஊராட்சிகள் என்று அது நகரும்.

குடிமைப் பணித் தேர்வு மட்டுமே இலக்கு என்றால் வேறுபாடு பெரிதல்ல. முதன்மைத் தேர்வில் இரண்டும் விருப்பப் பாடங்களே, இரண்டுக்கும் தலா 250 மதிப்பெண்ணில் இரு தாள்களே. ஆனால் அத்தேர்வு கைகூடாதவர்களே மிகப் பெரும்பாலோர் என்பதால், மாற்று வழிகளையும் இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆய்வு, இதழியல், பன்னாட்டு உறவுகள் ஆகியவற்றில் நாட்டமுள்ளவருக்கு அரசியல் அறிவியல் கூடுதலாகக் கைகொடுக்கும் என்பது என் கருத்து. 'கட்சியில் சேரப் போகிறாயா?' என்று உறவினர்கள் கேட்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொண்டு நிறுவனங்களிலும் உள்ளாட்சித் திட்டங்களிலும் களப்பணி செய்ய விரும்புபவருக்குப் பொது நிர்வாகமே பொருந்தும். மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர இரண்டில் எந்தப் பட்டமும் போதும்.